மோட்டாருக்குக் கட்டிய வேட்டி

“நீ படிச்சது காயிதம் பாப்பா. இது இரும்பு. உன் பேச்ச இது கேக்குமா?”

எங்கள் கிணற்று மேட்டில் புதிதாகக் கட்டியிருந்த மோட்டார் கொட்டகையின் வாசலில் நின்று பெரியப்பா இப்படிக் கேட்டார். கேலியாகக் கேட்கவில்லை. அவருக்கு உண்மையாகவே சந்தேகம். எருதுகளை அதட்டியும் கெஞ்சியும் வேலை வாங்கியே பழகியவர் அவர். காதும் இல்லாத, வாலும் இல்லாத ஒன்று எப்படி வேலை செய்யும் என்று அவருக்குப் பிடிபடவில்லை. அதிலும் பதினோராம் வகுப்பு எஸ்.எஸ்.எல்.சி. பரீட்சை எழுதிவிட்டு வந்து நிற்கும் தம்பி மகள் சொல்லி எப்படிச் செய்யும்?

உத்தனப்பள்ளியிலிருந்து ராயக்கோட்டை போகும் சாலையில் இறங்கிக் காட்டு வழியாக நடந்தால் எங்கள் ஊர் வரும். வீட்டில் தமிழ், பக்கத்துக் காட்டுக்காரரிடம் தெலுங்கு, சந்தையில் கன்னடம் என்று மூன்றையும் ஒரே மூச்சில் பேசுகிற ஊர். பெரியப்பாவும் அப்பாவும் பாகம் பிரிக்காமல் ஒன்றாகப் பயிர் செய்தார்கள். எங்கள் குடும்பத்தில் எழுதப் படிக்கத் தெரிந்த முதல் ஆள் நான். அதைச் சொல்லும்போது எனக்கு இப்போதும் கழுத்து நிமிர்ந்துவிடுகிறது. அதை மறைக்க நான் விரும்பவில்லை.

நான் பள்ளிக்கூடம் போனதற்குக் காரணம் கபிலைதான். எருது பூட்டிக் கிணற்றிலிருந்து தோல் சாலில் தண்ணீர் இறைக்கும் முறைக்கு எங்கள் பக்கத்தில் கபிலை என்று பெயர். ஒரு சரிவில் எருதுகள் இறங்கும். ஓட்டுகிறவர் வடக்கயிற்றின் மேல் உட்கார்ந்து பாரம் கொடுப்பார். சால் நிறைந்து மேலே வந்து வாய்க்காலில் கொட்டும். அந்தக் கயிற்றைப் பெண்கள் தொடக்கூடாது. எருது இறங்கும் சரிவில் கால் வைக்கவும் கூடாது. வைத்தால் கிணறு வற்றிவிடும் என்பார்கள். பெரியப்பா மகன்கள் கால் ஊன்றியதும் கபிலைக்குப் போய்விட்டார்கள். என்னைப் பள்ளியில் சேர்த்தபோது அப்பா சொன்ன நியாயம் இதுதான்: “பசங்க கபிலைக்கு வேணும். இவ அதுக்கு ஆவமாட்டா. போய்ப் படிக்கட்டும்.”

உதவமாட்டாள் என்று ஒதுக்கிய இடத்திலிருந்துதான் எனக்குப் படிப்பு வந்தது. சின்ன வயதில் அது புரியவில்லை. இப்போது நினைத்தால் மலைப்பாக இருக்கிறது.

சென்னை மாநிலம் தமிழ்நாடு என்று பெயர் மாறியதற்கு முந்தின வருடக் கோடையில் எங்கள் கிணற்றுக்கு மின்சாரம் வந்தது. மின்சார வாரியத்து ஆள் கம்பத்தில் ஏறி இறங்கி, கம்பியை இழுத்து, சுவரில் பெட்டியை மாட்டி, இணைப்புக் கொடுத்தார். பிறகு, மோட்டார் போடுவதற்கு முன்னால் பம்புக் குழாயில் வாய் வரைக்கும் தண்ணீர் ஊற்ற வேண்டும், இல்லாவிட்டால் வெறும் காற்றைத்தான் இழுக்கும் என்றார்.

அந்த ஒரு வார்த்தையில் எல்லாம் ஆரம்பித்தது. குழாயில் ஊற்றத் தண்ணீர் வேண்டும். தண்ணீர் குடத்தில் வர வேண்டும். எங்கள் ஊரில் ஆண் எவனும் குடம் எடுக்கமாட்டான். எடுத்தால் அவனுக்குக் கல்யாணம் ஆகிற வரையில் கேலி ஓயாது. கிணற்று மேட்டில் கூடியிருந்த ஆண்கள் எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்பா எங்கள் பக்கம் திரும்பி, “ஏய், கொடம் எடுத்தாங்க” என்றார். அம்மாவும் பெரியம்மாவும் நானும் இடுப்பில் குடம் வைத்துக் கிணற்றுப் படியில் இறங்கி ஏறினோம்.

குழாய் நிறைந்தது. இனி பச்சைப் பொத்தானை அமுக்க வேண்டும். யாரும் நகரவில்லை. பக்கத்து ஊரில் மின்கம்பத்தை உரசிய எருது ஒன்று நின்ற இடத்திலேயே விழுந்து செத்திருந்தது. அந்தப் பேச்சு இன்னும் அடங்கவில்லை.

“பாவா, பெரியவங்க நீங்க. போடுங்க” என்று பெரியப்பாவைச் சீண்டினார் பக்கத்துக் காட்டுக்காரர். தெலுங்கு பேசுகிற அவர் பெரியப்பாவை மச்சான் முறை வைத்துத்தான் கூப்பிடுவார்.

“நான் எருது ஓட்டறவன்யா. பொத்தான் அமுக்கறவனா?”

“பயம்னு சொல்லுங்களேன்.”

“நீ வந்து அமுக்கு. உன் பொண்டாட்டிக்கு நான் சேதி சொல்லிக்கறேன்.”

மின்சார வாரியத்து ஆள் பொறுமை இழந்து, “யாருதான் போடறீங்க? எனக்கு இன்னும் வேற கெணறு இருக்குது” என்றார்.

நான் குடத்தைக் கீழே வைத்துவிட்டு, “நான் போடறேன்” என்றேன். எட்டிலிருந்து பதினொன்று வரைக்கும் பாடப் புத்தகத்தில் மின்சாரத்தைப் படமாகப் பார்த்திருந்தேன். அப்போதுதான் பெரியப்பா காகிதம், இரும்பு என்று கேட்டார். “ஈரக் கையோட தொடாதம்மா, தொடச்சிக்கோ” என்றார் மின்சார வாரியத்து ஆள். தாவணியில் கையை நன்றாகத் துடைத்துக்கொண்டு அமுக்கினேன்.

உறுமல் கேட்டது. குழாய் இருமியது; சேறு துப்பியது; மறுபடி இருமியது. பிறகு வாய் நிறையத் தண்ணீர் வந்தது. கபிலையில் தண்ணீர் வரும், நிற்கும், அடுத்த சால் வரும் வரைக்கும் வாய்க்கால் காத்திருக்கும். இது நிற்கவே இல்லை. வெள்ளையாக, தடியாக, வந்துகொண்டே இருந்தது. பெரியப்பா தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார், கோயிலில் நிற்பதுபோல. அம்மா போய்த் தண்ணீரில் கையை நீட்டினாள். தண்ணீர் அவள் கையைத் தள்ளியது. மறுபடி நீட்டினாள், மறுபடி தள்ளியது. அவள் சத்தமாகச் சிரித்தாள். பெரியப்பா எதிரில் என் அம்மா சிரித்து நான் அதற்கு முன்னால் கேட்டதில்லை.

அந்தக் கோடை முழுக்க மோட்டார் போடுவது பெண்கள் வேலையாக இருந்தது. யாரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்யவில்லை. குழாயின் அடியில் தண்ணீரைப் பிடித்து நிறுத்த ஒரு வால்வு உண்டு. எங்களுடையது சரியாக மூடவில்லை. மோட்டாரை நிறுத்தியதும் குழாயில் இருந்த தண்ணீரெல்லாம் கிணற்றுக்கே போய்விடும். அதனால் ஒவ்வொரு தடவையும் குடம் தூக்க வேண்டும். குடம் தூக்குகிறவள்தான் அங்கே இருப்பாள். அங்கே இருப்பவள்தான் பொத்தானை அமுக்குவாள். அவ்வளவுதான் காரணம்.

ஆனால் பேச்சு வேறு மாதிரி வளர்ந்தது. விளக்கு ஏற்றுகிற கைதான் மோட்டாரும் போட வேண்டும் என்றார் பெரியப்பா. வீட்டுக்கு லட்சுமி மாதிரி காட்டுக்கு இது என்றாள் பெரியம்மா. அம்மா தினமும் அதற்கு ஒரு பூ வைத்தாள். “மவராசி, நல்லபடியா ஓடு” என்பாள். எங்கள் மோட்டார் அப்போது பெண்ணாக இருந்தது.

ஒரு நாள் நாங்கள் எல்லோரும் களை எடுக்கப் போயிருந்தபோது, மின்சாரம் நின்று உடனே வந்துவிட்டதில் குழாய்த் தண்ணீர் வடியாமல் இருந்ததால், பெரியப்பாவின் மூத்த மகன் தானே பொத்தானை அமுக்கிவிட்டான். பக்கத்துக் காட்டுக்காரர் பார்த்துவிட்டார்.

“இன்னாடா அல்லுடு, மோட்டார் எல்லாம் போடற? அடுத்தது கோலமா?” என்று மருமகன் முறை வைத்துக் கேட்டார்.

அண்ணனுக்கு முகம் கறுத்துவிட்டது. அப்புறம் அந்தப் பக்கமே அவன் வரவில்லை. மடை திறந்துகொண்டு தூரத்தில் நிற்கும் அப்பா, “பாப்பா, போடும்மா” என்று கூவுவார். நான் போடுவேன். என் விரல் அசைந்ததும் தூரத்தில் அப்பாவின் காலடியில் தண்ணீர் போய்ச் சேருகிறது என்பதை என்னால் சாதாரணமாக எடுத்துக்கொள்ளவே முடியவில்லை. தினமும் நின்று பார்ப்பேன்.

அந்தக் கோடையில்தான் என் பரீட்சை முடிவும் வந்தது. தேறிவிட்டேன். ஆசிரியப் பயிற்சிக்கு அனுப்பலாம் என்று பேச்சு வந்தபோது பெரியப்பாவே, “டீச்சர் வேலை பொம்பளப் புள்ளைக்குப் பாந்தமா இருக்கும்” என்றார். ஆனால் இந்த வருடம் கையில் வேலை கிடக்கிறது, அடுத்த வருடம் அனுப்பலாம் என்று தள்ளி வைத்தார். வீட்டில் அவர் சொன்னால் சொன்னதுதான். அப்பா அவரை எதிர்த்து ஒரு வார்த்தை பேசியதில்லை. நான் ஒரு வருடத்தைப் பொறுத்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். போக வேண்டும் என்ற ஒன்றைத் தவிர எனக்கு வேறு நினைப்பே இல்லை.

ஆடி மாதம் ஓசூரிலிருந்து ஒரு ஆள் வந்து அடி வால்வை மாற்றிக் கொடுத்தான். அதற்கப்புறம் குழாயில் தண்ணீர் நின்றது. குடம் தேவைப்படவில்லை.

முதல் வாரம் யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. அடுத்த வாரம் பெரியப்பா காலையில் வந்து, “நீ ஏன் அலையற, நானே போட்டுக்கறேன்” என்றார். அதற்குள் சுற்று வட்டத்தில் மூன்று நான்கு கிணறுகளுக்கு மோட்டார் வந்துவிட்டது. டீக்கடையில் எருதைப் பற்றிய பேச்சு குறைந்து குதிரைத் திறனைப் பற்றிய பேச்சு வந்தது. “எங்களுது அஞ்சு எச்.பி.” என்று பெரியப்பா சொல்லும்போது அவரே கொஞ்சம் உயரமானதுபோல் இருக்கும். கோடையில் பொத்தானைத் தொட்டதற்காகக் கூனிப்போன அண்ணன் இப்போது இடுப்பில் கொட்டகைச் சாவியைக் கட்டிக்கொண்டு திரிந்தான்.

பிறகு விதிகள் வந்தன. முதலில், தீட்டு நாளில் பெண்கள் கொட்டகைக்குள் போகக் கூடாது என்றார்கள். அப்புறம், எந்த நாள் யாருக்கு என்று பார்த்துக்கொண்டிருக்க முடியாது, அதனால் எந்த நாளும் வேண்டாம் என்றார்கள். புரட்டாசி பிறப்பதற்குள் பெரியப்பா இப்படிச் சொன்னார்: “மோட்டார பொம்பள தொடக்கூடாதுன்னு அந்தக் காலத்துலயே பெரியவங்க சொல்லி வெச்சிருக்காங்க.”

“எந்தப் பெரியவங்க பெரியப்பா? அவங்க காலத்துல மோட்டார் ஏது?” என்று கேட்டேன்.

“வாய் பாரு இதுக்கு” என்று சிரித்துவிட்டுப் போய்விட்டார். பொய் சொல்கிற சிரிப்பு இல்லை அது. அவர் முழுசாக நம்பினார். அதுதான் என்னைத் திகைக்க வைத்தது. அம்மாவிடம் ஓடினேன். தண்ணீரில் கையை நீட்டிச் சிரித்த அம்மா அரிசி புடைத்துக்கொண்டே, “நமக்கெதுக்கு அது? அது ஆம்பளைங்க சமாச்சாரம்” என்றாள். அவளும் நம்பினாள்.

ஒரு வழக்கம் பிறப்பதை நான் என் கண்ணால் பார்த்துவிட்டேன். இதை எத்தனை பேர் பார்த்திருப்பார்கள் என்று தெரியவில்லை. கபிலைக் கயிற்றைத் தொடக்கூடாது என்பது கிருஷ்ணகிரி மலையைப்போல எப்போதும் இருந்தது என்றே நினைத்திருந்தேன். அதுவும் ஒரு காலத்தில் இப்படித்தான் வந்திருக்கும். ஏதோ ஒரு கயிறு, ஏதோ ஒரு குடம், யாரோ ஒருவரின் வெட்கம். கோடையில் வந்தது மழைக்காலத்துக்குள் ஆதி காலத்துப் பழசாகிவிடுகிறது. இதை எந்தப் பாடத்திலும் நான் படிக்கவில்லை. கிணற்று மேட்டில் நின்று நான் இதைக் கண்டபோது, முதன்முதலில் தண்ணீர் வந்த நாளைப்போலவே எனக்கு உடம்பு சிலிர்த்தது.

ஆயுத பூஜை வந்தது. முந்தின நாள் கொட்டகை திறந்து கிடந்தது. சுவர்ப் பெட்டியில் தூசியும் சிலந்தி வலையுமாக இருப்பதைப் பார்த்து, பொறுக்கமாட்டாமல் உள்ளே போய்த் துடைத்துவிட்டு வந்தேன். வெளியே வரும்போது அண்ணன் பார்த்தான்.

பூஜையன்று பெரியப்பா மோட்டாருக்குச் சந்தனம் பூசி, குங்குமம் வைத்து, புது வேட்டி ஒன்றை மடித்து அதன் உடம்பைச் சுற்றி இறுக்கிக் கட்டினார். மேலே சரிகைத் துண்டால் ஒரு தலைப்பாகை. “ராசா மாதிரி இருக்கான் பாரு!” என்றார். வாசலுக்கு வெளியே நின்று நாங்கள் கும்பிட்டோம். மவராசியாக இருந்தது ராசாவாகிவிட்டது. எனக்குச் சிரிப்பு வந்தது.

பூஜை போட்ட துணியை மூன்றாம் நாள்தான் அவிழ்க்க வேண்டும் என்பது எங்கள் வீட்டு முறை. மறுநாள் காலை பெரியப்பா வேட்டி கட்டிய மோட்டாரை அப்படியே ஓடவிட்டு ராகிக்குத் தண்ணீர் கட்டப் போய்விட்டார். உச்சிப் பொழுதில் கருகல் வாடை வந்தது. ஓடிப் போய்ப் பார்த்தால் கொட்டகை முழுக்கப் புகை. வேட்டியில் ஒரு பக்கம் கரி. மோட்டார் நின்றுபோயிருந்தது.

“வேட்டியவே எரிச்சிப்புட்டுதே!” என்று பெரியப்பா தலையில் கை வைத்துக்கொண்டார்.

அப்போது அண்ணன் சொன்னான், “முந்தாநேத்து பாப்பா உள்ள போயிட்டு வந்துது.”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அன்று யாரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். பெரியம்மா மட்டும் அம்மாவிடம், “படிச்ச புள்ளைன்னு விட்டது தப்பு” என்றாள். அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். இரண்டு நாள் கழித்துப் பெரியப்பா, சிங்காரப்பேட்டைப் பக்கம் ஒரு பையன் இருக்கிறான், விசாரிக்கச் சொல்லியிருக்கிறேன் என்றார். பயிற்சியைப் பற்றி அப்பா மெல்ல இழுத்தபோது, “படிச்சதே போதும். வீட்டு இரும்பையே எரிச்சிட்டுது, வெளிய போனா என்னத்த எரிக்குமோ?” என்றார். அப்பா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்குப் போகும் வழி அடைபட்டுவிட்டது. மோட்டாரை நான் எரிக்கவில்லை என்று எனக்குத் தெரியும். எது எரித்தது என்று மட்டும் தெரியவில்லை. புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தேன். அதில் காந்தமும் கம்பியும் அம்புக்குறியும் இருந்தன. வேட்டியைப் பற்றி ஒன்றும் இல்லை.

மோட்டாரைக் கழற்றி வண்டியில் ஏற்றிச் சாலைக்குக் கொண்டுவந்து, அங்கிருந்து லாரியில் ஓசூருக்குக் கொண்டுபோனார் அப்பா. கடைக்காரன் ஏதாவது எழுதிக் கொடுத்தால் படிக்க ஆள் வேண்டும் என்று என்னையும் கூட்டிப் போனார்.

கம்பி சுற்றும் கடை பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்தது. வாசலில் கடைக்காரர் உட்கார்ந்து மோட்டாரைப் பிரித்தார். பின்பக்க மூடியைக் கழற்றியதும் உள்ளே விசிறி ஒன்று இருந்தது. அதன் இறக்கையில் கருகிய நூலும் துணியும் ஒட்டிக்கிடந்தன. அவர் அதைப் பிய்த்து எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார்.

“இன்னா பெரியவரே, துணி போத்தி ஓட்டினீங்களா?”

அப்பா, “பூசைக்குக் கட்னது” என்றார்.

“பூசைக்குக் கட்டுங்க, ஓட்டறப்ப அவுத்துடுங்க. இந்த விசிறிதான் இதுக்கு மூச்சு. மூச்ச அடச்சிட்டா சூடேறி உள்ள இருக்கிற கம்பி வெந்துடும். ஆயுத பூச முடிஞ்சா எனக்கு வருசா வருசம் இப்படி ரெண்டு மூணு வந்துடுது.”

கடைக்குள் தொங்கிய சாக்குத் திரைக்குப் பின்னாலிருந்து ஒரு பெண் குரல் கேட்டது. “குளுருதுன்னு போத்தி விட்டாங்களா? கம்பளி ஒண்ணு குடுக்கறதுதான?” இன்னொரு பெண் சிரித்தாள்.

அப்பா அந்தக் கருகிய நூலைக் கையில் வாங்கிப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு என்னைப் பார்த்தார். பிறகு திரையைப் பார்த்து, “உள்ள யாரு?” என்றார்.

“என் வீட்டுக்காரியும் அவ தங்கச்சியும். சுத்தறது பூரா அவங்கதான்.”

“பொம்பளைங்களா சுத்தறாங்க? மோட்டாரையா?”

“பின்ன? இந்த எரும விரலு அந்தச் சந்துக்குள்ள போவுமா?” என்று கடைக்காரர் தன் கையைக் காட்டினார். “வெளிய சொல்லிக்கறதில்ல. சொன்னா உங்கள மாதிரி ஊர்க்காரங்க கொண்டாரமாட்டாங்க.”

தங்கை திரையை விலக்கி என்னை உள்ளே கூப்பிட்டாள். என்னைவிடக் கொஞ்சம் பெரியவளாக இருப்பாள். நான் உள்ளே போனேன். அந்தச் சின்ன அறை செம்பு நிறத்தில் மின்னியது. சுவரெல்லாம் கம்பிச் சுருள்கள். தரையில் வேறு ஒரு மோட்டாரின் வெறும் கூடு. அதன் உள்வட்டத்தில் சீப்பின் பற்கள்போலப் பள்ளங்கள். அக்காள் தலைமுடி மாதிரியான கம்பியைக் கொத்தாக எடுத்து ஒவ்வொரு பள்ளத்திலும் இறக்கினாள். ஒரு இழைகூட மடங்கவில்லை. ஊரெல்லாம் பெண் தொடக்கூடாது என்கிற அந்த ராசாவின் வயிற்றுக்குள் முழுக்கப் பெண்கள் கைதான் இருந்தது. எங்கள் மோட்டாரும் இப்படி யாரோ ஒருத்தியின் விரலால் பிறந்ததுதானா? நான் மூச்சு விடாமல் பார்த்துக்கொண்டு நின்றேன்.

“படிச்சிருக்கியா?” என்று கேட்டாள் தங்கை.

“எஸ்.எஸ்.எல்.சி. பாஸ்.”

“ஐயோ, அப்புறம் ஏன் இங்க நின்னுகினு இருக்கற? பெங்களூர்ல ஒரு கம்பெனில இதே வேலைக்குப் பொண்ணுங்கள எடுக்கறாங்க. பாஸ் பண்ணியிருக்கணுமாம். என்னை எடுக்கல. நான் மூணாங் கிளாஸு.” சொல்லிவிட்டு அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்கு லேசாக இல்லை.

திரை பாதி விலகியிருந்தது. அப்பா வாசலிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

ஒரு வாரத்தில் மோட்டார் திரும்பி வந்தது. மறுபடி பொருத்துகிற நாளில் கிணற்று மேட்டில் கூட்டம். பெரியப்பா கையில் இன்னொரு புது வேட்டி. போன தடவை குறை வைத்துவிட்டோம், இந்தத் தடவை முறையாகச் செய்ய வேண்டும் என்றார். குனிந்து கட்டப் போனார்.

“அண்ணா, வேட்டி வேணாம்” என்றார் அப்பா.

பெரியப்பா நிமிர்ந்தார். தம்பி தன்னை மறித்து அவர் கேட்டதில்லை. “ஏன்?”

“அதுக்கு மூச்சு முட்டுதாம். பின்னால விசிறி இருக்குது. துணி அடச்சிதான் எரிஞ்சிருக்குது. கடையில பிரிச்சி எடுத்துக் காட்னான்.”

கூட்டம் பெரியப்பா பக்கம் திரும்பியது.

“அப்ப நான்தான் எரிச்சேன்னு சொல்றியா?”

“நான் அப்படிச் சொல்லலண்ணா. நம்ம பாப்பா எரிக்கலன்னு சொல்றேன்.”

அவ்வளவுதான் சொன்னார். குரல்கூட உயரவில்லை. ஒரு மனிதன் தன் வாழ்நாள் பழக்கத்தைத் தாண்டிக் காலை வைப்பதை அவ்வளவு பக்கத்தில் நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். தம்பி என்றால் அண்ணன் எதிரில் எப்படி இருக்க வேண்டும் என்று அவருக்கும் யாரோ ஒரு கயிறு கட்டியிருந்தார்கள். பெண்களுக்கு மட்டும்தான் அது என்று நான் நினைத்திருந்தேன்.

பெரியப்பா வேட்டியை மடித்தார். மறுபடி பிரித்தார். மறுபடி மடித்தார். கடைசியில் பக்கத்துக் காட்டுக்காரர்தான், “அந்த வேட்டிய எனக்குக் குடுங்க பாவா, எனக்கு மூச்சு முட்டாது” என்றார். யாரோ சிரித்தார்கள். பெரியப்பா சிரிக்கவில்லை, ஆனால் கோபமும் படவில்லை. வேட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு கொட்டகையைவிட்டு வெளியே வந்து நின்றார். அப்பா என்னைத் திரும்பிப் பார்த்து, “போடும்மா” என்றார். வாசலில் இருந்த ஆண்கள் எனக்கு வழிவிட்டார்கள். அம்மா தூரத்தில் கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். தண்ணீர் வந்ததும் அவள் கிட்டே வந்தாள். கையை நீட்டவில்லை. ஆனால் வந்தாள்.

வழக்கம் அன்றைக்கே மாறிவிட்டது என்று சொன்னால் அது பொய். நான் ஊரில் இருந்த வரையில் போட்டேன். இப்போது மறுபடி அண்ணன்தான் போடுகிறானாம். ஆனால் சிங்காரப்பேட்டைப் பேச்சு நின்றது. தை பிறந்ததும் பெங்களூர் கம்பெனியின் தேர்வுக்கு அப்பா என்னைக் கூட்டிப் போனார். விரலை அளந்தார்கள், கண்ணைச் சோதித்தார்கள், ஒரு கம்பியைக் கொடுத்துச் சுற்றச் சொன்னார்கள். ஓசூர்ச் சந்தில் பார்த்ததை நினைத்துக்கொண்டு சுற்றினேன். எடுத்துக்கொண்டார்கள். ஊருக்குப் போய்ச் சொன்னபோது பெரியப்பா, “கம்பி சுத்தறது பின்னல் போடற மாதிரிதான? அது பொம்பள வேலதான்” என்றார். அவர் மனதை ஆற்றிக்கொண்ட வழி அது.

இங்கே, பெங்களூர் கம்பெனியில், ஒரு பெரிய கூடம். வரிசை வரிசையாகப் பெண்கள். தமிழ், கன்னடம், தெலுங்கு, மலையாளம். முதல் நாள் வாசலில் நின்று பார்த்தபோது என் கால் நகரவில்லை. இத்தனை கைகள் ஒரே நேரத்தில் அசைவதை நான் நாற்று நடவில்கூடப் பார்த்ததில்லை. எங்கள் மேலாளர் பெண்களுக்குப் பொறுமை அதிகம், அதனால் சுற்றும் வேலை பெண்களுக்கு என்கிறார். சுற்றியதைச் சோதிக்கும் அறை கூடத்தின் கோடியில் இருக்கிறது. அங்கே மின்சாரம் பாய்ச்சி, மீட்டர் பார்த்து, நல்லது கெட்டது சொல்வார்கள். அங்கே எல்லோரும் ஆண்கள். ஏன் என்று பக்கத்து நாற்காலிப் பெண்ணிடம் கேட்டேன். “முதலேர்ந்தே அப்படித்தான்” என்றாள். தொழிற்சாலை திறந்து மூன்று வருடம்தான் ஆகிறது.

போன சனிக்கிழமை நான் மேலாளர் அறைக்குப் போனேன். “ஏனம்மா, ஏனு பேக்கு?” என்றார் கன்னடத்தில், என்ன வேண்டும் என்று. சோதனை அறையில் ஒரு இடம் வேண்டும் என்றேன். அவர் பேனாவை மூடிவிட்டு, அங்கே இதுவரை பெண்கள் யாரும் இல்லையே என்றார். “தெரியும் சார்” என்றேன். சிரித்தார். இரண்டு வாரம் பார்க்கலாம், சரிப்படாவிட்டால் திரும்பி வந்துவிட வேண்டும் என்றார்.

திங்கட்கிழமை காலை என் நாற்காலியை நானே தூக்கிக்கொண்டு கூடத்தின் நடுவழியாகச் சோதனை அறைக்குப் போனேன். அங்கே எனக்கென்று நாற்காலி இருக்காது என்று தெரியும். அறையில் இருந்தவர்கள் ஒரு நிமிடம் வேலையை நிறுத்தினார்கள். ஒருவர் மட்டும் தன் மேசையைக் கொஞ்சம் நகர்த்தினார். அந்த இடத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, முதல் சுருளை எடுத்து மீட்டரில் இணைத்தேன்.